துருத்தி வேலை

கோயிலில் ஆர்கன் பாடவில்லை என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் விசாரிப்பது எலியைப் பற்றித்தான். எலி உண்டா, வௌவால் உண்டா, பெட்டி சுவரோடு ஒட்டி நிற்கிறதா, மழைத்தண்ணீர் கடைசியாக எப்போது உள்ளே வந்தது. எந்தக் கட்டை வாசிக்கவில்லை என்பதெல்லாம் பிறகு. குழாய் அடைத்துக்கொண்டது, ரீடு போய்விட்டது என்று அவர்களே முடிவு செய்து வைத்திருப்பார்கள். திறந்து பார்த்தால் பித்தளையும் ஈயமும் நூறு வருஷத்துக்கு முன் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். போயிருப்பது தோல். ஆர்கன் வேலை என்று பெரிய பெயர் சொன்னாலும் என் பிழைப்பில் முக்கால்வாசி தோல் வேலைதான்.

புதுச்சேரியின் சாரத்தில் அவ்வைத் திடலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் என் பட்டறை. பட்டறை என்றால் வீட்டுத் திண்ணையை அடைத்துக் கட்டியது. திடலில் கூட்டம் நடந்தால் ஒலிபெருக்கி ஓயும்வரை சுருதி சேர்க்க முடியாது. தேர்தல் சமயத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் காதுக்கு வேலை. அப்பா மில்லில் தச்சுப் பிரிவில் இருந்தவர். அவருடைய கூட்டாளி ஒருவர் நாடகக்காரர்களுக்கு ஆர்மோனியம் பழுதுபார்த்துக் கொடுப்பார். அவரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். நான் அவரை மேஸ்திரி என்று கூப்பிட்டேன். அவர் எனக்குத் தம்பி என்பதைத் தவிர வேறு பெயர் வைக்கவில்லை.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பரில் புதுச்சேரியில்தான் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. நவம்பரில் அங்கே வரும் நாடகக்காரர்கள் பெட்டியை மேஸ்திரியிடம் ஒரு தடவை காட்டாமல் ஊர் திரும்ப மாட்டார்கள். அதே மாதத்தில்தான் கோயில் வேலையும் வந்து குவியும். ஐப்பசி மழையில் மரம் ஊதி, கட்டைகள் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்கிறபோதுதான் பாடகர் குழுவுக்குப் பெட்டியின் ஞாபகமே வரும். மேஸ்திரி கோபப்படுவார். கட்டையை இழைக்காதே, பங்குனியில் அது தானாக வற்றி ஆட்டம் கொடுக்கும், அப்போது என்ன செய்வாய் என்பார். மழைக்காலத்தில் மரத்தின் மேல் இழைப்புளி வைக்கிறவனை அவர் பட்டறையில் ஏற்றவே மாட்டார்.

புதுச்சேரிக் கோயில்களுக்கு ஆர்மோனியம் வந்த வழி பாரிஸ் வழி. அலெக்சாந்த்ர் தெபேன் என்பவர் 1842இல் அங்கே அதற்குக் காப்புரிமை வாங்கினார். நம் கச்சேரி மேடையில் இருக்கும் கைப்பெட்டி அல்ல அது. காலால் மிதிக்கிற, ஆள் உயரத்தில் பாதிக்கு நிற்கிற தேக்கோ ஓக்கோ கொண்ட அலமாரி. கைப்பெட்டியாக அதைச் சுருக்கியவர் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ். அது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத பங்குகளுக்கும் வேதபோதகக் குருமாருக்கும் தெபேனின் பெட்டி பெரிய வரம். கப்பலில் ஏற்றலாம், மாட்டுவண்டியில் கொண்டுபோகலாம், எட்டடிக் குழாய் கொடுக்கிற சுரத்தை உள்ளங்கை நீளப் பித்தளை நாக்கு கொடுத்துவிடும்.

பிரெஞ்சுப் பெட்டியின் முகப்பில் பீங்கான் குமிழ்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் வட்டத்துக்குள் ஓர் எண். ஒன்று கோர் ஆங்கிலே, அதன் வலப்பக்க ஜோடி ஃப்ளூட். இரண்டு பூர்தோன், கிளாரினெட். மூன்று கிளெரோன், ஃபிஃப்ர். நான்கு பாஸ்ஸோன், ஒபுவா. எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் எண் மாறாது. பிரெஞ்சு தெரியாத கோயில்பிள்ளைகூட "ரெண்டை இழு, நாலைத் தள்ளு" என்று வாசித்துவிட முடிந்ததற்கு அந்த எண்கள்தான் காரணம். நடுவில் எக்ஸ்பிரெஸ்ஸியோன் என்று ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்தால் காற்றைச் சேமிக்கும் அறை விலகிக்கொள்ளும். கால் கொடுக்கும் காற்று நேராக ரீடுக்குப் போகும். அழுத்தி மிதித்தால் சத்தம் உயரும், தளர்த்தினால் தாழும், தடுமாறினால் அதுவும் கேட்கும். வாசிப்பவரின் காலை வெளிச்சம் போட்டுக் காட்டும் குமிழ் அது. பலர் அதைத் தொடவே மாட்டார்கள். துருத்தியில் ஊசித்துளை இருந்தாலும் அந்தக் குமிழை இழுத்தால் தெரிந்துவிடும் என்பதால், சோதனைக்கு நான் முதலில் இழுப்பது அதைத்தான்.

அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குக் கதவடைத்தது. 1971 வரை பெரிதாகத் திறக்கவில்லை. கமகம் வராது, ஸ்ருதி நம் ஸ்ருதி இல்லை என்றார்கள். உண்மையும் அதில் உண்டு. ஆனால் நாடகக் கொட்டகையும் கோயிலும் வானொலியைக் கேட்டு நடக்கவில்லை. மேஸ்திரிக்கு அந்த முப்பது வருஷமும் வேலை குறையவில்லை.

ரீடில் வருகிற ஒரு கோளாறு பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. வெளியில் எந்தக் காயமும் இல்லாமல் பித்தளை நாக்கு அடியில் மயிரிழையாக விரிந்து, ஒரு நாள் பட்டென்று ஊமையாகிவிடும். வௌவால் அடையும் கோயில்களில்தான் இது அதிகம். வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் இப்படித்தான் தாமாக வெடித்துக்கொண்டன. மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், உலோகத்தை இழுத்துத் தட்டியபோது உள்ளே தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்து செய்கிற வேலை என்று 1921இல் விளக்கினார்கள். லாயத்தில் குதிரை செய்ததைக் கோயிலில் வௌவால் செய்கிறது என்று நான் நினைக்கிறேன். எந்த ஆய்வுக்கூடத்திலும் கொடுத்துப் பார்த்ததில்லை. ஆனால் பெட்டிக்கு மேல் துணிப் பந்தல் கட்டச் சொல்லிவிட்டுத்தான் கூலி பேசுவேன்.

தோலுக்கு வருகிறேன்.

எனக்குத் தோல் சென்னைப் பெரியமேட்டில். சைடன்ஹாம்ஸ் சாலைக் கடைகளில் செருப்புக்கும் கைப்பைக்கும் வாங்க வருகிறவர்களுக்கு நடுவே நின்று, செம்மறித் தோலை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பிறகு வாயில் வைத்து ஊதிப் பார்ப்பேன். ஆரம்பத்தில் கடைக்காரர்கள் சிரித்தார்கள். இப்போது நான் போனாலே, "பாய், ஊதற ஆளு வந்துட்டாரு" என்று உள்ளே குரல் கொடுக்கிறார்கள். காற்று கசியும் தோல் எனக்கு ஆகாது. நல்ல தோல் கிடைக்காதபோது முட்டை வெள்ளைக்கருவைத் தடவித் துளைகளை மூடுவது ஐரோப்பிய வழக்கம். நம் ஊரில் அதைக் கரப்பான் தின்றுவிடும். புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். தோலுக்கும் பித்தளைக்கும் பக்கத்தில் நான் அதைக் கொண்டுபோக மாட்டேன்.

எங்கள் ஊருக்கும் பெரியமேட்டுத் தோலுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தில் தோல் பதனிடுதலை ஏற்றுமதித் தொழிலாக வளர்த்ததில் சார்லஸ் டி சூசா என்ற பெயரை முதலில் எழுதுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்தவர். புதுச்சேரியைச் சேர்ந்த யூரேஷியர். ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்தி, எண்ணெய் தடவி, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டு எடுப்பது அந்த முறை. கடுக்காய் இல்லாவிட்டால் ஆவாரந்தோல் வெளிச்சம் பட்டுச் சிவந்துபோகும். அப்படிப் பதனிட்ட தோல் சென்னையிலிருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. அங்கே புத்தக அட்டைகள் சில வருஷங்களிலேயே செந்தூளாக உதிர்வதைக் கண்டு கலைச் சங்கம் ஒரு குழு போட்டது. 1901இல் அந்தக் குழு எரிவாயு விளக்கின் புகையைக் குற்றம் சொன்னது. கூடவே நம் ஆவாரம்பட்டையையும் சொன்னது. கோபப்பட எதுவும் இல்லை. ஆவாரம்பட்டைத் துவர்ப்பு ஒரு வகை, கடுக்காய்த் துவர்ப்பு வேறு வகை. காற்றிலுள்ள அமிலத்தைப் பின்னது அதிக நாள் தாங்கும். பழைய துருத்தியைப் பிரிக்கும்போது மூலைகளிலிருந்து மிளகாய்த்தூள் மாதிரி கொட்டுவது அந்தச் சிவப்புதான். என் வரைக்கும், மடிப்புக்கும் கீலுக்கும் படிகாரத்தில் பதனிட்ட வெள்ளைத் தோல் கிடைத்தால் முதல் இடம் அதற்கு. கிடைக்காதபோது கடுக்காய் அதிகம் கண்ட தோல். குரோம் தோலுக்கு ஆயுள் அதிகம் என்பது நிஜம், ஆனால் சூடான வஜ்ஜிரப் பசையோடு அது அடம் பிடிக்கும்.

பெரியமேட்டு வேலை முடிந்தால் பக்கத்திலேயே எழும்பூரில் புனித ஆந்திரேயா கோயிலுக்குள் கொஞ்ச நேரம் போய் உட்கார்ந்திருப்பேன். சென்னைக்காரர்களுக்கு அது கிர்க். டி ஹாவிலண்ட் என்பவர் கட்டியது, 1821இல் திறந்தது. இடம் சதுப்பு நிலம் என்பதால் 150 கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் கோயிலை நிறுத்தினார்கள். கிணறுகளின் ஆழம் 14 அடியிலிருந்து 50 அடி வரை. தலைக்கு மேல் நீல நிற வட்ட விதானம், பதினாறு தூண்கள். பீடத்துக்குப் பின்னால் மங்கிய பச்சையும் பொன்னும் பூசிய குழாய்களோடு ஆர்கன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் செய்து, 1883இல் இங்கே நிறுத்தியது.

கோயில் திறந்து அறுபது வருஷத்துக்கு மேல் கழித்தா ஆர்கன் வந்தது என்று கேட்கத் தோன்றும். கிர்க் ஸ்காட்லாந்துச் சபையாரின் கோயில். அந்தச் சபையில் வெகு காலம் வழிபாட்டுக்குள் வாத்தியமே கிடையாது. முன்பாட்டுக்காரர் சங்கீதத்தை எடுத்துக்கொடுப்பார், சபை பின்பாடும். எடின்பரோவில் கிரேஃப்ரையர்ஸ் கோயில் போதகர் ராபர்ட் லீ அந்தத் தடையை மீறினார். அவர் 1863இல் உள்ளே கொண்டுவந்தது குழாய் ஆர்கன் அல்ல, ஓர் ஆர்மோனியம். அதற்கே பெரிய சர்ச்சை. 1865இல் ஆர்கன் வந்தது. இருபது வருஷத்துக்குள் எழும்பூருக்கும் வந்துவிட்டது. பெரியவருக்கு வழிவிட்டது எங்கள் சின்னப் பெட்டிதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

குழாய் ஆர்கனில் கை வைக்க எனக்கு வாய்த்தது கிர்க்கில் அல்ல. மலைமேல் ஒரு பழைய கோயில். பெயர் எழுதவில்லை, ஏனென்றால் அங்கே முன்பு பழுதுபார்த்த ஒருவரைக் குறை சொல்லப் போகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த முதியவர் ஒருவர் வேலையை எடுத்திருந்தார். தோல் வெட்டித் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவர் கேட்டதால் நான் போனேன்.

அதன் உள்வேலை கேட்பதற்குச் சிக்கலாக இருக்கும், பார்த்தால் எளிது. துருத்தி காற்றைச் சேர்த்து, மேலே வைத்த இரும்புப் பாரத்தால் ஒரே அழுத்தத்தில் வைத்திருக்கும். அங்கிருந்து மரப்பாதை வழியாகக் காற்றுப்பெட்டிக்குப் போகும். காற்றுப்பெட்டியின் மேல் குழாய்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கட்டைக்கும் பெட்டிக்குள் தோல் ஒட்டிய ஒரு மரக் கதவு. கட்டையை அழுத்தினால் மெல்லிய மரக்குச்சிகள் இழுத்து அந்தக் கதவைத் திறக்கும். எந்த வரிசை பாட வேண்டும் என்பதைத் துளையிட்ட நீளப் பலகை ஒன்று பக்கவாட்டில் நகர்ந்து முடிவு செய்யும். அவ்வளவுதான். அழுத்தத்தை எதால் அளப்பது என்று அந்தப் பெரியவர் பையில் தேடிக்கொண்டிருந்தபோது, மருந்துக்கடையில் சலைன் குழாய் வாங்கி வளைத்துப் பாதிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். தண்ணீர் மூன்று அங்குலம் ஏறி நின்றது. இவ்வளவு பெரிய முழக்கத்துக்குப் பின்னால் மூன்று அங்குலத் தண்ணீரைத் தூக்குகிற காற்றுதான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் முதல் ஆர்கனைச் செய்த டெசீபியஸ் காற்றை அழுத்தியதும் தண்ணீரைக் கொண்டுதான்.

துருத்தியைப் பிரித்தோம். முன்பு வேலை செய்தவர் தோலுக்குப் பதில் ரெக்சினை வைத்து, மரவேலை வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தார். ரெக்சின் மடிப்பில் வெடித்துப்போயிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. பசைதான் பாவம். வஜ்ஜிரம் என்றால் வெந்நீர்த் துணி போட்டால் இளகிவிடும், நூறு வருஷம் கழித்து வருகிறவனுக்கும் வழி திறந்திருக்கும். வெள்ளைப் பசை இளகாது. மரத்தின் மேல்தோலைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். துருத்தி விலாவெலும்புப் பலகைகள் சிலவற்றைப் புதிதாகவே போட வேண்டியிருந்தது. பழுதுபார்ப்பதில் எனக்கிருக்கும் ஒரே சட்டம் இதுதான்: நான் செய்ததை இன்னொருவன் அவிழ்க்க முடிய வேண்டும். வெப்ப நாடுகளுக்கென்று செய்தவர்கள் தேக்கும் மகாகனியும் போட்டு, பசையை மட்டும் நம்பாமல் இணைப்புக்கெல்லாம் பித்தளைத் திருகும் போட்டார்கள். அந்தத் திருகுகளை நாங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து அதே துளையில் திருப்பிப் போட்டோம்.

குழாய்களில் பெரிய சேதம் இல்லை. ஒவ்வொரு குழாயின் உடம்பிலும் அதைச் செய்தவர் அதன் சுரத்தை ஆணிமுனையால் கீறி வைத்திருந்தார். அதனால் கலைந்துபோனவற்றை வரிசைப்படுத்துவது சுலபம். ஊமையாக இருந்தவற்றில் பல குளவியால் ஊமையானவை. குழாயின் வாயருகே மண்கூடு கட்டியிருந்தது. அதைக் கம்பியால் குத்தக் கூடாது, வாய் விளிம்பு ஒரு மயிரளவு நெளிந்தாலும் குரல் மாறும். தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்தோம். முகப்பில் பொன்வண்ணத்தில் நிற்கிற குழாய்களில் சில, தட்டிப் பார்த்தால், காற்றே போகாத வெறும் அலங்காரம். கோயில் பெரியவர்களுக்கு அதைச் சொன்னபோது நம்ப மறுத்தார்கள்.

ஈரத்துக்கும் பூச்சிக்கும் நடுவே ஆர்கன் நிலைக்குமா என்று கேட்பவர்களுக்குப் பிலிப்பைன்ஸின் லாஸ் பின்யாஸ் ஆர்கனைச் சொல்வேன். தியேகோ செரா என்ற துறவி 1816இல் தொடங்கி 1824இல் முடித்தது. 1,031 குழாய்களில் 902 மூங்கில். மூங்கிலைக் கடற்கரை மணலில் புதைத்து வைத்து, பூச்சி தொடாமல் மிஞ்சியவற்றை எடுத்துச் செய்தார். 1973இல் அதைப் பிரித்து ஜெர்மனியின் பான் நகரில் கிளைஸ் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள், 1975இல் திரும்பியது. அங்கே அவர்கள் முதலில் செய்தது வேலையறைக்குள் பிலிப்பைன்ஸின் வெக்கையையும் ஈரத்தையும் உண்டாக்கியதுதான். குளிர்நாட்டு அறையில் வற்றிய மரத்தை அளந்து ஒட்டி வெப்ப நாட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று என் மேஸ்திரிக்கும் தெரியும். 2019 தீ விபத்துக்குப் பிறகு பாரிஸ் நோத்ர் தாம் ஆர்கனையும் கழற்றினார்கள். கிட்டத்தட்ட 8,000 குழாய். தீ தொடவில்லை, ஈயத் தூசி படிந்ததுதான் காரணம். தூசு துடைக்க அவ்வளவா என்று கேட்ட ஒரு பங்குச் சாமியாரிடம், உங்கள் பெட்டிக்கு நான் கேட்ட தொகை ஞாபகம் இருக்கிறதா சாமி என்று கேட்டேன்.

குழாய்க்கும் ரீடுக்கும் பெரிய வித்தியாசம் வெயிலில் தெரியும். காற்றுச் சூடு பத்து டிகிரி ஏறினால் குழாயின் சுருதி அரைச் சுரத்தில் கால் பங்குக்கும் சற்று மேலேயே உயர்ந்துவிடும். மார்கழி விடியலில் சேர்த்த சுருதி சித்திரை மத்தியானத்தில் வேறு. ஆர்மோனிய ரீடு அந்த அளவுக்கு அசையாது. ஆகவே குழாய் ஆர்கனுக்குச் சுருதி சேர்க்கிறவர், ஞாயிறு பூசை எத்தனை மணிக்கு, அப்போது விசிறி ஓடுமா, கதவு திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டு அதே நேரத்தில் வர வேண்டும்.

சுருதி என்றதும் அண்மையில் நடந்த ஒன்று. புதுச்சேரிப் பக்கம் ஒரு பங்கில் பழைய பிரெஞ்சுப் பெட்டிக்குத் துருத்தித் தோல் முழுவதும் மாற்றிக் கொடுத்தேன். பாடகர் குழுப் பையன் கீபோர்டோடு சேர்த்து வாசித்துப் பார்த்துவிட்டு, பெட்டி சுருதி இறங்கியிருக்கிறது, ஏற்றிக் கொடுங்கள் அண்ணா என்றான். பெட்டி இறங்கவில்லை. பிரான்சில் 1859இல் அரசாணையே போட்டு நொடிக்கு 435 அதிர்வு என்று வைத்தார்கள். இன்றைய கீபோர்டு 440. ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஆனால் போன பித்தளை திரும்ப வராது. நாலு வரிசை ரீடையும் சுரண்டுவதற்கு நல்ல கூலி கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. விலைப்பட்டியலில் ஃபாதர் அதையும் எழுதச் சொல்லியிருந்தார். கீபோர்டை இப்படிக் கொடு தம்பி என்று வாங்கி, அமைப்புகளில் ட்யூனிங் என்று இருந்த இடத்தை அவனையே தேடச் சொன்னேன். 440 என்று இருந்ததை 435 ஆக்கினான். பூர்தோனையும் கிளாரினெட்டையும் இழுத்துவிட்டு இரண்டையும் சேர்த்து வாசித்தார்கள். ஃபாதர் பட்டியலை எடுத்தார். ரீடு வேலைக்கு எழுதியிருந்ததை அடித்துவிட்டு, தோலுக்கும் பசைக்கும் கைக்கூலிக்கும் மட்டும் வாங்கிக்கொண்டேன்.